ரெண்டு ரிங், ஒரு எதிர் ரிங்

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவன் பிழைப்பு வாட்ச்மேன் பிழைப்புதான். ஒன்றும் நடக்காத வரை, இவனுக்கு எதற்குச் சம்பளம் என்பார்கள். ஏதாவது நடந்துவிட்டால், இவனுக்கா சம்பளம் கொடுத்தோம் என்பார்கள். திரையில் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருந்தால், நான் மேலே விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் இதே வசவுதான் கிடைத்திருக்கும்.

எனக்குக் கிடைத்தது தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். எந்தப் புரோட்டோகாலைக் கொண்டு நெட்வொர்க்கைக் கண்காணிப்பது என்று முடிவு செய்ய எனக்கும் என் சிநேகிதன் காஜாவுக்கும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. இப்போது அதையெல்லாம் ஒரு பையன் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறான். பொறாமையாக இல்லை. அவனுக்கு எங்களுக்குக் கிடைத்த வசவுகள் கிடைக்காதே என்று பாவமாகத்தான் இருக்கிறது.

லாரிக்காரன் முந்திவிட்டான்

எங்கள் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஆழ்வார்குறிச்சியில் அரிசி ஆலை, நாங்குநேரியில் ஹைவேஸ் ஓரம் லாரி ஆபீஸ், உவரியில் ஐஸ் பேக்டரி, எல்லாவற்றுக்கும் தலைமையாக வண்ணார்பேட்டையில் நாங்கள். நாலு இடத்தையும் வாடகை லைன் எடுத்து மோடம் வைத்து இணைத்திருந்தோம். உவரியில் காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும், அங்கே இருந்த சேவியர் எத்தனை பெட்டி மீன் ஐஸ் போட்டாயிற்று என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவான். அதைப் பார்த்து நாங்குநேரியிலிருந்து லாரி கிளம்பும். லைன் போனால் லாரி கிளம்பாது. லாரி கிளம்பாவிட்டால் ஐஸ் உருகும், பிறகு மீன் நாறும், கடைசியில் எங்கள் பெயர் நாறும்.

உவரி லைனுக்குக் கடல் காற்று ஆகாது. உப்புப் பட்டு இணைப்புகள் பச்சை பூத்துப்போகும். ஒருநாள் விடியும்போதே லைன் போய்விட்டது, தலைமை அலுவலகத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரை சாதுவாகத்தான் இருந்தது. மத்தியானம் உவரிப் பக்கம் போய்விட்டு வந்த லாரி டிரைவர் ஒருவர் வந்து, அங்கே பெட்டிகள் வெயிலில் கிடப்பதாகச் சொன்னார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, சத்தமே போடாமல் கேட்டார்: "ஏன்வே சங்கரன், இம்புட்டு கம்ப்யூட்டருக்கும் முந்தி லாரிக்காரன்லா வந்து சொல்லுதான். அப்ப நான் லாரியவே இன்னும் ரெண்டு வாங்கியிருக்கலாமே?"

மேலப்பாளையத்தார் வருகிறார்

இப்படித்தான் காஜா மைதீன் எங்களிடம் வந்து சேர்ந்தான். மேலப்பாளையத்துக்காரன். வளைகுடாவில் ஒரு பெரிய டெலிபோன் கம்பெனியில், சுவர் முழுக்கத் திரை வைத்த அறையில் உட்கார்ந்து நெட்வொர்க்கைக் கண்காணித்தவன். லீவில் வந்திருந்தான். திரும்பிப் போக மனசில்லை. அவன் மகளுக்கு அப்போது நாலு வயதிருக்கும். அவளை அவன் பார்த்த நாட்களைவிடப் பார்க்காத நாட்கள்தான் அதிகம். அவன் வீட்டுக்கு நான் முதல்முறை போனபோது, அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையும் அவனையும் ஒரே மாதிரிதான் பார்த்தது. ரெண்டு பேரும் அதற்கு வேற்றாள்.

அண்ணாச்சி பேச்சை ஒரே வரியில் முடித்தார். நோன்புப் பெருநாள் வரைக்கும் தற்காலிக வேலை. அதற்குள் உவரித் தொல்லை தீர்ந்தால் வேலை நிரந்தரம். காஜாவின் விசாவும் ஏறக்குறைய அதுவரைக்கும்தான் செல்லும், அதற்குள் திரும்பாவிட்டால் அங்கத்து வேலையும் போய்விடும். வெளியே வந்ததும் நான், "பயப்படாதேயும், பார்த்துக்கிடலாம்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அங்கன ஆயிரம் நெட்வொர்க் பெட்டிய மேச்சவன் நான். எம் மவ ஒருத்தி மடியில வந்து உக்கார மாட்டேங்கா. இந்த வேல நெலச்சாத்தான்வே நான் அவளுக்கு வாப்பா. இல்லைன்னா விருந்தாளி."

டீக்கடையில் தபால் இலாகா

கண்காணிக்கும் புரோட்டோகால் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. நாலு ஊரிலும் லைன் முனையில் மோடத்தோடு இருக்கிற நெட்வொர்க் பெட்டிகளிடம் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்கவும், அதுகள் பதில் சொல்லவும், ஏதாவது ஆகிவிட்டால் தானாகக் குரல் கொடுக்கவும் ஒரு பொதுப் பேச்சு. அப்போது ரெண்டு பேச்சுக்குத்தான் போட்டி. ஒன்று எஸ்.என்.எம்.பி. அது தபால் கார்டு மாதிரி. சின்னது, மலிவு, எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். போய்ச் சேர்ந்ததா என்பது போட்டவனுக்குத் தெரியாது. இன்னொன்று சி.எம்.ஐ.பி. அது ஒப்புகை அட்டை வைத்த ரிஜிஸ்டர் தபால். கனமானது, ஆனால் வாங்கினவன் கையெழுத்துத் திரும்பி வரும்.

நான் கார்டுக் கட்சி. காஜா ரிஜிஸ்டர் கட்சி. வண்ணார்பேட்டையில் நாங்கள் வழக்கமாகப் போகும் டீக்கடையில் தினமும் சண்டை. "நாலு பெட்டிக்கு எதுக்குவே ரிஜிஸ்டர்? கார்டு போதும்" என்பேன். "போய்ச் சேராத கார்டு, எழுதாத கார்டுக்குச் சமம்வே" என்பான். நான் உலகம் முழுக்கக் கார்டுதான் ஓடுகிறது என்பேன், அவன் உலகம் முழுக்கக் காய்ச்சலும்தான் ஓடுகிறது என்பான். இதைப் பல நாள் பொறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் ஒருநாள் கிளாஸை நங்கென்று வைத்தார். "சார்வாள், ஒங்க தபால் ஆபீஸ் சண்டைய தபால் ஆபீஸ்லயே வச்சுக்கிடுங்க. இங்கன டீ ஆறுது."

மெட்ராஸிலிருந்து தீர்ப்பு

சண்டையை முடித்து வைத்தவர் பெட்டிகளை எங்களுக்கு விற்ற மெட்ராஸ்காரர். காஜா அவருக்குப் போன் போட்டு, பெட்டிகளுக்கு சி.எம்.ஐ.பி. தெரியுமா என்று கேட்டான். அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: அந்தப் பேச்சு இந்தப் பெட்டிக்கு வராது, அதைப் பேசும் அளவுக்கு இதில் ஞாபகசக்தி இல்லை, வேண்டுமானால் இன்னும் பெரிய பெட்டி வாங்குங்கள் என்று. அண்ணாச்சியிடம் இன்னும் பெரிய பெட்டி என்று சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது.

நான் ரெண்டு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். காஜாவோ முகம் சுளிக்காமல், தனக்குப் பிடிக்காத அந்த எஸ்.என்.எம்.பி.யை நாலு ஊரிலும் என்னைவிடச் சுத்தமாகப் போட்டுக் கொடுத்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "என்னவே, தோத்துப்போனதுல வருத்தமே இல்லியா?" என்றேன். ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "தோத்தேன்தான். ஆனா ஜெயிச்சது நீரு இல்லவே. பெட்டில எடம் இல்லாததுல்லா ஜெயிச்சுது."

சாமி விழுந்த கதை

பெட்டிகளுக்குப் பெயர் வைக்க வேண்டும், அப்போதுதான் திரையில் எது எந்த ஊர் என்று தெரியும். ஒன்று, ரெண்டு, மூணு என்று வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அண்ணாச்சி பழுத்த சைவர். நல்ல காரியம், சாமி பெயராக வையும் என்றார். தலைமை அலுவலகத்துக்கு நெல்லையப்பர். நாங்குநேரிக்கு ஒரு அம்மன் பெயரை வைத்தேன். அங்கே லாரி ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்த சடகோபன் சாருக்கு அது பொறுக்கவில்லை. பெருமாள் ஊரில் இருக்கிற பெட்டிக்குப் பெருமாள் பெயர்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி, வானமாமலை. உவரிக்கு சேவியர் கேட்காமலே அந்தோணியார் என்று வைத்தோம், அவனுக்கு ஒரே சந்தோஷம். ஆழ்வார்குறிச்சிக்கு வன்னியப்பர். திரையைப் பார்த்தால் நாலு கோயில் கொடைவிழாவும் ஒன்றாக நடக்கிற மாதிரி இருந்தது.

எல்லாம் அண்ணாச்சி திரையைப் பார்க்க வருகிற வரைக்கும்தான். அந்த நேரம் பார்த்து நாங்குநேரியில் கரண்ட் போயிற்று. பெட்டி செத்தால் பெயர் சிவப்பாகும், பக்கத்தில் 'டவுன்' என்று எழுத்து வரும். அடுத்து லைன் ஆடி உவரியும் சிவந்தது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வானமாமலை விழுந்துட்டாரு, அந்தோணியாரு விழுந்துட்டாருன்னு செவப்புல எழுதி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீரே, இந்தக் கம்பெனி வெளங்குமாவே?"

அன்று சாயங்காலமே ஒன்று, ரெண்டு, மூணு, நாலு.

கடைசி வார்த்தை சேவியருடையது. போனில் விஷயத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டான்: "நாலாம் நம்பரா சார்? போவுது. அந்தோணியாரா இருந்தப்பதான் சார் லைன் கொஞ்சம் நல்லா இருந்துச்சு."

சுகமா, சுகமா

பெட்டிகளை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை விசாரிப்பது என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். லாரிக்காரனிடம் தோற்ற வெறி எனக்கு. நிமிஷத்துக்கு ஒருமுறை கேள் என்று வைத்தேன். சும்மா 'உயிரோடு இருக்கிறாயா' என்று மட்டுமா? எத்தனை எழுத்து வந்தது, எத்தனை போனது, எத்தனை பழுது, எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய் என்று அதனிடம் கேட்கக்கூடிய அத்தனையும். காஜா எட்டிப்பார்த்துவிட்டு, "கொஞ்சம் பையக் கேளும்வே" என்றான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் உவரி லைன் ஒற்றையடிப் பாதை மாதிரி. அதில் என் விசாரிப்பும் அதற்கான பதிலுமே முழுக்க நடந்துகொண்டிருந்தன. சேவியரின் மீன் பெட்டிக் கணக்கு ஒதுங்க இடமில்லாமல் நின்றுவிட்டது. திரையில் எல்லாம் பச்சை. நெட்வொர்க் ஜம்மென்று இருக்கிறது என்று நான் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே சேவியர் போனில் வந்தான். விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான், நல்ல பையன். பிறகு சொன்னான்: "ஒடம்புக்கு எப்படி இருக்குன்னு நிமிசத்துக்கு ஒருக்கா வந்து கேட்டிய, சரி. சீக்காளி எப்ப சார் கஞ்சி குடிப்பான்?"

செத்தவன் சாட்சி

விசாரிப்பை அரை நாளுக்கு ஒருமுறை என்று குறைத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, ஏதாவது ஆனால் பெட்டிகளே குரல் கொடுக்கட்டும் என்று வைத்தோம். எஸ்.என்.எம்.பி.யில் அதற்கு வழி உண்டு. லைன் அறுந்தால், 'லைன் அறுந்துவிட்டது' என்று பெட்டி உடனே ஒரு கார்டு போடும். அண்ணாச்சிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒழுங்கான வேலைக்காரன் அப்படித்தான் இருப்பான், கேட்காமல் சொல்வான் என்றார்.

ஐப்பசி மழையில் உவரி லைன் அறுந்தது. பெட்டியும் கடமை தவறாமல் கார்டு போட்டது. எந்த வழியாக? அறுந்த லைன் வழியாக. உவரியிலிருந்து வண்ணார்பேட்டைக்கு வேறு வழி ஏது? கார்டு அங்கேயே எங்கோ கடலோரத்தில் விழுந்து செத்தது. பெட்டியோ சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது. மறுபடியும் மீன் நாறியது. நான் இதை அண்ணாச்சிக்குப் படம் போட்டு விளக்கினேன். காஜா தலையைக் குனிந்தபடி நின்றான். பெருநாளுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பான். அண்ணாச்சி படத்தை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அப்ப செத்தவன் நேருல நடந்து வந்து, அண்ணாச்சி, நான் செத்துட்டேன்னு சொல்லணும். அப்படித்தானவே ஏற்பாடு பண்ணி வச்சிருக்கிய?"

ஊமைப் போன்

மறுநாள் லைனைப் பார்க்க நானும் காஜாவும் உவரிக்குப் போனோம். மழை விடவில்லை. ஐஸ் பேக்டரி ஷெட்டில் சேவியரோடு உட்கார்ந்திருந்தோம். கடல் சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. போரடித்து நான்தான் சீண்டினேன்: "ஒப்புகை, ஒப்புகைன்னு ஏன்வே உசுர விடுதீரு? வளைகுடாவுல கத்துக்கிட்டதா?" அவன் ஆமாம் என்றான். ஆனால் ஆபீஸில் கற்றுக்கொண்டதில்லை என்றான்.

அங்கேயிருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அவன் ரெண்டு ரிங் விட்டு வைத்துவிடுவானாம். யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. ரெண்டு ரிங் வந்தால் சுகமாக இருக்கிறான் என்று அர்த்தம். நம் ஊரில் வெளியூரில் ஆள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இந்தக் கணக்கு தெரியும். போன் இருந்தது பக்கத்து வீட்டில். ரிங் சத்தம் கேட்டதும் மகள் 'வாப்பா, வாப்பா' என்று ஓடுவாளாம். ஒரு வருஷம் நோன்பு மாசத்தில் அந்தப் பக்கத்து வீட்டுப் போன் செத்துவிட்டது. இவனுக்கோ அங்கே காதில் ரிங் போவது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ரெண்டு விட்டு, நிம்மதியாக வைத்துவிட்டுப் போய் நோன்பு திறந்திருக்கிறான். இங்கே வெள்ளிக்கு வெள்ளி இவன் மனைவி பக்கத்து வீட்டு நடையில் பிள்ளையோடு உட்கார்ந்து, சத்தம் வராமல் எழுந்து போயிருக்கிறாள். அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

லீவில் வந்தபோது இது தெரிந்து, நான் ஒரு வாரமும் தவறவில்லையே என்று சத்தியம் செய்திருக்கிறான். அவள் கோபப்படவில்லையாம். அவள் சொன்னதை அவன் அப்படியே எங்களுக்குச் சொன்னான். மழை பெய்துகொண்டிருந்தது. "நீங்க ரிங் விட்டிய, சரி. அது எனக்குக் கேட்டுதான்னு ஒரு நாளாவது நெனச்சியளா?"

போனை எடுக்காத ஆபீஸ்

அந்த ஷெட்டில்தான் வழி பிறந்தது. ஐஸ் பேக்டரியில் பேசுகிற போன் ஒன்று தனி ஒயரில் இருந்தது. எஸ்.டி.டி. காசுக்குப் பயந்து அண்ணாச்சி அதை அதிகம் தொட விடமாட்டார், லைன் போனதை எங்கள் திரையே சொல்லிவிடும் என்று சேவியரும் அதைத் தொடாமல் இருந்தான். காஜா சொன்னான்: மோடம் விளக்கு அணைந்து லைன் போனால் சேவியர் வண்ணார்பேட்டைக்கு ரெண்டு ரிங் விட வேண்டும். நாங்கள் உடனே உவரிக்கு ஒரு எதிர் ரிங் விடுவோம். எதிர் ரிங் வருகிற வரை சேவியர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிக்குள் நுழையாத சி.எம்.ஐ.பி.யைக் காஜா கொல்லைப்புற வழியாகக் கொண்டுவந்துவிட்டான்.

கார்த்திகையில் மறுபடி மழை. என் திரை பச்சையாகவே இருந்தது, அது அடுத்து விசாரிக்க இன்னும் நேரம் இருந்தது. ரெண்டு ரிங் வந்தது. நான் ஒன்று விட்டேன். நான் சொன்னதும் சடகோபன் சார் நாங்குநேரியிலிருந்து உவரிக்கு ஒரே ஒரு தடவை பேசி மீன் பெட்டிக் கணக்கை வாங்கி லாரியை அனுப்பிவிட்டார். மீன் ஐஸோடு ஐஸாக ஊர் வந்து சேர்ந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. காஜா வேலை நிலைத்தது என்றே நினைத்தேன். அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது அந்தப் பிள்ளை அவன் மடியில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

தொல்லை ஒன்றே ஒன்று. போன் அடித்தால் ரெண்டு ரிங் முடிகிற வரை ஆபீஸில் யாரும் எடுக்கக் கூடாது. அரிசி வாங்க வந்தவர்களெல்லாம் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். கணக்குப் பார்க்க வந்த சடகோபன் சார், மணி அடிக்க அடிக்க நாங்கள் நாலு பேர் அதையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "போனை எடுக்காம இருக்கிறதுக்குன்னு ஒரு ஆபீஸ். அதுக்கு ரெண்டு இன்ஜினீயர். பெருமாளே."

ரெண்டு ஆள் கணக்கு

அதை அவர் எங்களிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சியிடமும் சொல்லியிருக்கிறார், வேடிக்கையாகத்தான். நோன்பு பிறந்து பாதி போயிருக்கும். அண்ணாச்சி எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். நல்ல முகமாகத்தான் இருந்தார். உவரித் தொல்லை தீர்ந்தது, சந்தோஷம் என்றார். காஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மூளைக்காரன் நீ என்றார். பிறகு சொன்னார்: "ஆனா ரெண்டு ரிங்குல முடியுத காரியத்துக்கு ரெண்டு ஆளு எதுக்குவே? மனசு கேக்கல, ஆனா நான் யாவாரி." நான் வாதாடினேன். இன்னும் பெட்டி வரும், ஊர் கூடும், ஆள் வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். வரும்போது பார்ப்போம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்குத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று.

ஆற்றுப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தாமிரபரணியில் மழைத் தண்ணீர் வடிந்து தெளிந்திருந்தது. அவன் நோன்போடு இருந்தான், உதடு காய்ந்திருந்தது. பாதிப் பாலத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான், என்னைத் தேற்றுவதற்காகத்தான். "வேலைய ஒழுங்காச் செஞ்சு முடிச்சா வேல போயிரும்னு, நாம படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் போடலியேவே."

காசு விழாத பூத்

பெருநாள் முடிந்து காஜா வளைகுடாவுக்குப் போனான். போவதற்கு முன் ஒரு ஏற்பாடு செய்தான். வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் போனுக்கு ரெண்டு ரிங் விடுவான். அது காதில் விழுந்ததும் அவன் மனைவி அந்தப் போனிலிருந்தே எங்கள் ஆபீஸுக்கு ஒரு ரிங். நான் உடனே எதிரே இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் அவனுக்கு ஒரு எதிர் ரிங். ஆக மொத்தம், யாரும் யாரோடும் பேசப்போவதில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வாராவாரம் போனேன். நீள நம்பரை அமுக்கி, ஒரு ரிங் போனதும் வைத்துவிடுவேன். யாரும் எடுக்காத அழைப்புக்குக் காசு விழாது. பூத்துக்காரர் முதலில் பாவம் பார்த்தார், பிறகு முறைத்தார். கடைசியில் ஒருநாள் வாசலை மறித்தார். "என்ன சார் இது? வெள்ளிக்கெழம தவறாம வாரிய. ஒரு வார்த்த பேச மாட்டேங்கிய. பத்துப் பைசா விழல. அங்கன ஒங்க போனை எடுக்கவே மாட்டாவளா?" எடுத்தால்தான் சார் கஷ்டம் என்று சொல்லி, உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். எஸ்.என்.எம்.பி., சி.எம்.ஐ.பி., உவரி, ஊமைப் போன், நடையில் உட்கார்ந்திருந்த பிள்ளை, எல்லாம். அவ்வளவு நேரமும் வெளியே ஆள் காத்திருந்தார்கள், அவர் கவனிக்கவில்லை.

முடித்ததும் கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனிமேல் வராதே என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சொன்னதோ வேறு: "நீரு எதுக்குவே அமுக்குதீரு? அடுத்த வெள்ளிக்கெழம அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாரும். நான் ஸ்டூலு போட்டு வைக்கேன், அவ அமுக்கட்டும்."

எந்தப் புரோட்டோகால் நல்லது என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், சந்தேகமே இல்லாமல் எஸ்.என்.எம்.பி. என்றுதான் சொல்கிறேன், பெட்டிகளுக்கு மட்டும்.